ஒரு பிடி கோதுமை மாவு

ஆனி 20, ஞாயிறு

காலையிலிருந்து சாரல். விறகு நனைந்து ஒரே புகை. கண் எரிச்சல்.

பங்களாவுக்கு வந்து இன்றோடு மூன்று நாள். ஐந்தருவி போகிற ரோட்டில், பெரிய காம்பவுண்டு. சீசன் முடியும்வரை அம்மாவுக்குச் சமையல் வேலை, எனக்கு அம்மாவுக்கு ஒத்தாசை. நாங்கள் சைவக்காரர்கள் என்பதால் கிடைத்த வேலை. சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு அறை, எங்களுக்கு. இது என் எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டு. பாதியில் பள்ளிக்கூடம் நின்றதால் தாள் நிறைய மிச்சம்.

வந்திருப்பவர்கள் மெட்ராஸ் சேட்டு குடும்பம். சேட்டு, சேட்டம்மா, மூன்று பெண் பிள்ளைகள். கடைசி முன்னி. நாலு வயதாம். பார்த்தால் இரண்டு சொல்லலாம். குச்சிக் கால், பெரிய கண்.

சேட்டம்மாவுக்குத் தமிழ் தெரியும். ஆனால் "இன்னா", "கீது" என்று பேசுகிறார்கள். அம்மா அடுப்பைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள். பிறகு என்னிடம், "மெட்ராசுல தண்ணி எடுக்க வாரவகிட்டப் படிச்ச தமிழ் போல."

சாமான்கள்:
அரிசி ஒரு மூட்டை.
பருப்பு, நெய் டின், உருளைக்கிழங்கு.
கோதுமை மாவு. சிவப்பு மூடி போட்ட டின்.
கறுப்பு மாவு. துணி போட்டுக் கட்டிய டின்.

கறுப்பு மாவு என்பது நாங்கள் வைத்த பேர். அவர்கள் குட்டு என்கிறார்கள். வடக்கே மலைப்பக்கம் விளையும் செடியின் விதையாம். அரைக்காத விதையும் கொஞ்சம் காட்டினார்கள். மிளகு பருமன், மூன்று மூலை, மண் நிறம். "ஏகாதசிக்கி நானு இதான் துன்னுவேன். முன்னிக்கி தெனம் ராத்திரி ரொட்டி இதுல. நல்ல பலம்." அவ்வளவுதான் சொன்னார்கள்.

அம்மா: "பிள்ளைக்கு ஏதோ நேர்ச்ச போலிருக்கு. நமக்கென்ன. முன்னி ரொட்டி ஒன் பொறுப்பு, கேட்டியா."

ரொட்டி தேய்த்தால் ஓரமெல்லாம் விரிகிறது. எடுத்தால் கையோடு வராமல் பிய்கிறது. தோசைக்கல்லில் விழுந்தது நாலு துண்டு. முன்னி அக்காக்கள் தட்டைப் பார்த்தாள், தன் தட்டைப் பார்த்தாள், அழுதாள். "கோல், கோல்." வட்டம் என்று அர்த்தமாம்.

ஆனி 21, திங்கள்

இரண்டு மணி நேரம் வெயில். துணி காய்ந்தது.

பங்களா வாட்சர் அண்ணாச்சி வந்து, "மெயினருவில தண்ணி ஆர்ச்சத் தொட்டு விழுது. ஓடிப் பாத்துட்டு வாட்டீ" என்றார். போனேன். தென்காசிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் டீச்சரோடு வந்திருந்தார்கள். என்னோடு ஒரே பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் அதில். மங்குஸ்தான் கூடைக்காரி பின்னால் நின்றுகொண்டேன், அவர்கள் போகும்வரை. அருவியைச் சரியாகப் பார்க்கவில்லை.

சாயங்காலம் மறுபடி கறுப்பு மாவு. மறுபடி விரிசல். அம்மா அந்தப் பக்கம் இருந்து, "ரெண்டு நாளா அந்தப் பிள்ள துண்டப் பொறுக்கித் திங்குது. இன்னைக்கும் அப்படின்னா வேற ஆளப் பாத்துக்கிடுவாவ."

வீட்டில் கேழ்வரகு அடை விரிந்தால் என்ன செய்வோம். ஒரு பிடி வேறு மாவு சேர்ப்போம். அம்மா சொல்லித் தந்ததுதான். சிவப்பு மூடி டின் பக்கத்திலேயே இருந்தது. ஒரு பிடி. வெள்ளை மாவு கறுப்பை விட உயர்த்திதானே, பிள்ளைக்கு நல்லதுதானே என்றும் தோன்றியது. நேர்ச்சை என்பது ஞாபகம் வந்தது. ஒரு பிடிதானே.

வட்டமாக வந்தது. அப்படியே உப்பியது.

முன்னி இரண்டு தின்றாள். சேட்டம்மா சமையல்கட்டுக்கே வந்து, "இன்னிக்கி ஷோக்கா கீது. யார் பண்ணது?" எனக்குக் குரல் வரவில்லை. அம்மா, "இவதாம்மா, கோமதி." சேட்டம்மா என் கன்னத்தைத் தட்டினார்கள். கன்னத்தில் மாவு. துடைக்கவில்லை.

அம்மாவிடமும் சொல்லவில்லை, என்ன சேர்த்தேன் என்று.

ஆனி 22, செவ்வாய்

சாரல். தலைக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது.

இரண்டு பிடி போட்டேன். இன்னும் மெத்தென்று வந்தது. முன்னி மூன்று தின்றாள். பகலெல்லாம் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டே நடக்கிறாள். கோமி என்கிறாள். அவளிடம் மட்டும் எனக்குப் பேச்சு வருகிறது. நான் சொல்வது அவளுக்குப் புரியாது, அவள் சொல்வது எனக்குப் புரியாது. சரியாகப் போகிறது.

ஆனி 23, புதன்

நல்ல மழை. குரங்குகள் தாழ்வாரத்தில்.

முன்னி காலையில் பால் குடிக்கவில்லை. வயிறு கொஞ்சம் உப்பலாக இருக்கிறது. சேட்டம்மா அருவிக் குளிப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறார்கள். இனி குளிப்பு கிடையாது, தண்ணீர் காய்ச்சித்தான் தரவேண்டும். அண்டா வைத்தேன்.

ராத்திரி ரொட்டி, நேற்றுப்போலவே இரண்டு பிடி. சாப்பிடட்டும் என்றுதான். ஒன்று தின்றாள்.

ஆனி 24, வியாழன்

முன்னிக்கு விடியலிலிருந்து வயிற்றுப்போக்கு. ஆறு தடவை, ஏழு தடவை. துணி அலசினது நான். நுரையும் வீச்சமும். பிள்ளை முகம் வெளுத்து, வயிறு மட்டும் பானை மாதிரி. தொட்டால் முனகுகிறாள்.

அலசும்போதுதான் நினைத்தேன். நேர்ச்சையைக் கெடுத்துவிட்டேன். சாமி குத்தம். கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அம்மாவிடம் சொல்லப் போனேன். அம்மா துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள். "என்னட்டீ?" "ஒண்ணுமில்ல." திரும்பி வந்தேன்.

இன்று கறுப்பு மாவு மட்டும். துண்டு துண்டாகத்தான் வந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனி 25, வெள்ளி

தென்காசியிலிருந்து டாக்டர் வந்தார், காரில். நான் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால்.

டாக்டர்: "என்ன சாப்பிட்டா?"

சேட்டம்மா: "பால், சோறு, அந்த ரொட்டி. கோதும ஒரு பொட்டுகூட குடுக்கல டாக்டர். மெட்ராஸ்ல பெரிய டாக்டர் சொல்லி ரெண்டு வர்சம் ஆச்சி. அதுக்கப்புறம் குடுக்கவே இல்ல."

டாக்டர் அதைப்பற்றிப் படித்திருக்கிறாராம். சேட்டுக்கு விளக்கிச் சொன்னார். கோதுமையில் பசை மாதிரி ஒன்று இருக்கிறது, மாவை ஒட்டவைப்பது அதுதான். சிலபேர் குடலுக்கு அது ஆகவே ஆகாது, கொஞ்சம் போனாலும் குடல் புண்ணாகும், தின்றது உடம்பில் ஒட்டாது. அரிசி ஒன்றும் செய்யாது, உங்கள் குட்டும் ஒன்றும் செய்யாது. அது கோதுமை இனமே இல்லை.

அந்தப் பசைக்காகத்தானே நான் போட்டேன்.

நேர்ச்சை இல்லை. சாமி இல்லை. என் கை.

அதன் பிறகு நடந்தது. டாக்டர் கறுப்பு மாவை எடுத்துவரச் சொன்னார். மோந்து பார்த்தார். சாரல் ஈரத்தில் கெட்டிருக்கலாம் என்றார். சேட்டம்மா அம்மாவைப் பார்த்து, "டின்ன மூடாம வுட்டியா?"

அம்மா: "கட்டித்தாம்மா வச்சேன். நெதம் கட்டித்தான் வைக்கேன்."

"அப்ப எப்டி கெட்டுச்சி?"

அம்மா டின்னின் துணியை மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

சேட்டு வாட்சர் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, நாளைக் காலையில் அந்த மாவு முழுவதையும் குழி வெட்டிக் கொட்டச் சொல்லிவிட்டார். சேட்டம்மா சொன்னார்கள், இனி இதையும் தரப் பயமாக இருக்கிறது, இருந்த ஒரு ரொட்டியும் போச்சு என்று. டாக்டர் தந்த மருந்து, கெட்ட மாவுக்கு. கோதுமைக்கு இல்லை.

அம்மா அறையில் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். "இத்தன வருசமா சமைக்கேன். ஒருத்தர் ஒரு சொல் சொன்னதில்ல." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

வாய் திறக்கவில்லை நான். 

ஆனி 26, சனி

மழை இல்லை. அண்ணாச்சி மண்வெட்டியோடு வந்து, "எங்கட்டீ அந்த மாவு டின்னு? பாவம், குழிக்குப் பசிக்குது" என்றார். சிரிக்க வரவில்லை.

டின்னை எடுத்தேன். அண்ணாச்சியிடம் கொடுக்கவில்லை. சிவப்பு மூடி டின்னையும் எடுத்தேன். இரண்டையும் இடுக்கிக்கொண்டு நேராக உள் அறை. சேட்டம்மா முன்னி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தரையில் ஒரு தட்டு வைத்தேன். கறுப்பு மாவு போட்டேன். அதன்மேல் ஒரு பிடி கோதுமை மாவு.

பேச்சு வராது என்று தெரியும். அதனால்தான் இப்படி.

சேட்டம்மா தட்டைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். 

"எத்தினி நாள்?"

"மூணு."

"எத்தினி?"

"மொத நாள் ஒரு பிடி. பெறவு ரெண்டு."

என் கையைப் பிடித்து, விரித்து, மூடி, பிடி எவ்வளவு பெரிது என்று பார்த்தார்கள். அடித்திருந்தால் தேவலை.

"இன்னாத்துக்கு?"

"ஒடையுது. அழுதா."

அவ்வளவுதான் நான் சொன்னது.

சேட்டு உடனே காரை அனுப்பினார். டாக்டர் வந்து மருந்தை மாற்றினார். சேட்டம்மா அம்மாவிடம், "மாவு மேல தப்பு இல்ல. ஒன் மேல தப்பு இல்ல" என்றார்கள். அப்போதுதான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது.

அறைக்குக் கூட்டிப்போய்த்தான் அறைந்தாள். "நேத்தே வாயத் தொறந்திருந்தா என்னட்டீ? அத்தன பேரு முன்னால என்னய நிக்க வச்சியே."

சாயங்காலம் மூட்டை கட்டினோம். சேட்டம்மா வந்து, "எங்க போற?" என்றார்கள். "ஒன்ன அனுப்ச்சா வேற ஆளு வருவா. அவளுக்கு மொதல்லேந்து சொல்லணும். நீ இனிமே மறக்க மாட்ட." பிறகு மெதுவாக, "நானும் இன்னாத்துக்குன்னு சொல்லல. பொண்ணு கொழந்த. சீக்குன்னு வெளில தெரிஞ்சா நாளைக்கி யாரு கட்டுவா?"

மூட்டையை அவிழ்த்தோம்.

ஆனி 27, ஞாயிறு

சாரல். பின்னூசி ஒன்று தொலைந்தது.

கோதுமை டின்னுக்குப் பூட்டு. சாவி சேட்டம்மா இடுப்பில். பூட்டின சத்தம் எனக்குக் கேட்கவேண்டும் என்று பூட்டியதுபோல் இருந்தது. அப்படி இல்லாமலும் இருக்கலாம்.

முன்னிக்குக் கஞ்சித் தண்ணி மட்டும். போக்கு நாலு தடவை. அம்மா என்னோடு பேசவில்லை. உப்பு எங்கே என்று கேட்டால் கையைக் காட்டுகிறாள்.

ஆனி 28, திங்கள்

போக்கு இரண்டு தடவை. முன்னி உட்கார்ந்தாள். ரொட்டி கேட்டாள்.

கறுப்பு மாவு. உள்ளங்கையால் தட்டிப் போட்டேன். உடைந்தது. தட்டோடு கொண்டுபோனேன், தலை குனிந்து. சேட்டம்மா ஒரு துண்டை எடுத்து விரலால் அமுக்கினார்கள். பொலபொலவென்று உதிர்ந்தது. "சரி. குடு." அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி.

நான் தின்று காட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை, கோதுமை என்னை ஒன்றும் செய்யாது. உடைந்தால்தான் கோதுமை இல்லை என்று அவர்களுக்கு நம்பிக்கை.

முன்னி முகம் சுளித்தாள். இரண்டு துண்டு தின்றாள்.

ஆனி 29, செவ்வாய்

வெயிலும் சாரலும் சேர்ந்து. போக்கு இல்லை. வயிறு இன்னும் வற்றவில்லை. டாக்டர், வாரக்கணக்கில் ஆகும் என்று சொன்னாராம்.

அம்மா இன்று பேசினாள். மாவு டின்னை நான் அவிழ்க்கும்போது, முதுகைக் காட்டிக்கொண்டே, "கொழுக்கட்டைக்குப் பெசைத மாரி கொதிக்க தண்ணி ஊத்திப் பெசஞ்சு பாரு. ஒரு உருளக்கெழங்கும் மசிச்சுப் போடு. கெழங்குல அந்தப் பச ஒண்ணுமில்லன்னு கேட்டுட்டேன் சேட்டம்மாகிட்ட."

கை பொசுங்கியது. மூடிவைத்து, ஆறவிட்டு, இலையில் வைத்துத் தட்டினேன். கல்லில் போட்டேன். விரியவில்லை. திருப்பினேன். பிய்யவில்லை. முழு வட்டம். நிலா மாதிரி இல்லை, நிறம் கறுப்புத்தான். ஆனால் வட்டம்.

முன்னி கூடத்திலிருந்து கூப்பிடுகிறாள், கோமி, கோமி.

தட்டில் வைத்து நாலு எட்டு நடந்தேன். கூடத்தில் சேட்டம்மா உட்கார்ந்திருப்பது தெரிந்தது. நின்றுவிட்டேன். இவ்வளவு வட்டமாக இருக்கிறதே.

திரும்பி வந்து, ரொட்டியை எடுத்து, நானே நாலாக உடைத்துத் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன்.