வலி இல்லை என்றால் 1

நவம்பர் 3, திங்கள்
தூறல். துணி காயவில்லை. ஆம்பூரிலிருந்து தோல் வார் வரவில்லை, போன் போடணும்.
அவர் போய் மூன்று மாதம். கடையை நான் பார்க்கிறேன். செருப்பு தைப்பது அன்வர் பாய். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கான மெத்து ரப்பர் செருப்பு. என் வீட்டுக்காரர் இருந்தவரை, வாங்கினவர்களைப் பத்து நாளில் திரும்ப வரச்சொல்லி, தரையில் உட்கார்ந்து, காலை மடியில் வைத்துப் பார்ப்பார். என்னால் ஆகாது. வருகிறவர்கள் எல்லாம் "எப்பிடிம்மா இருக்கே?" என்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் மெசேஜ்.
"செருப்பு போட்டதில் வலி இல்லை என்றால் 1. இருந்தால் 2."
நாற்பது பேருக்கு.

நவ. 4, செவ்வாய்
வெயில். வாங்க: பால், பசை டப்பா, ஊசி.
எல்லாம் 1. ஒருத்தர் ரோஜாப்பூ படத்தோடு 1.
பாய்க்கு ஒரே சிரிப்பு. "இன்னா அண்ணி, ஒரு கம்ப்ளெய்ன்ட் கூட இல்ல! பேஜாரே இல்லாத வேலை."
சந்தோஷம் வரணும். வரவில்லை. மத்தியானம் சாப்பிட்டேனா, ஞாபகம் இல்லை.

நவ. 6, வியாழன்
கணியம்பாடி லோகநாதனின் மகள் வந்தாள். அவருக்குப் போன மாதம்தான் செருப்பு கொடுத்தோம். வலது கட்டைவிரலுக்கு அடியில் புண். வாரின் தையல் முடிச்சு உரசியிருக்கிறது. விரல் தங்குமா தெரியாது என்றாராம் டாக்டர்.
"1னு அனுப்பினாரேம்மா?"
"வலிக்கல, அனுப்பினாரு. அவருக்குப் பாதத்துல உணர்ச்சியே கெடையாதுக்கா. அதுக்குத்தான உங்க செருப்பு?"
அட கடவுளே. கால் மரத்துப்போனவர்களிடம் வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். பதினோரு வருஷம் இதே கடையில் உட்கார்ந்தவள். பாய் தைத்து வைத்த செருப்புகளை எடுத்து, முடிச்சுகளைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார்.

நவ. 7, வெள்ளி
புது மெசேஜ்: "வலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு இருந்தால் போட்டோ அனுப்புங்கள்."
மதியத்துக்குள் பத்தொன்பது பாதங்கள். இரண்டு பேரை உடனே டாக்டரிடம் போகச் சொன்னேன்.
லோகநாதனின் இடது காலும் வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், "உள்ள புண்ணு இருந்தா காலு சுடும். சூடு போட்டோல தெரியாது அண்ணி. அண்ணன் கைய வச்சித்தான் பாப்பாரு" என்றார் பாய்.

நவ. 8, சனி
கணியம்பாடி பஸ். நின்றுகொண்டே.
லோகநாதன் கட்டிலில், வலது காலில் கட்டோடு. "இவ்ளோ தூரம் எதுக்கும்மா? ஒரு வலியும் இல்ல."
தரையில் உட்கார்ந்தேன். இடது காலை மடியில் வைத்து, குதிகாலை அமுக்கினேன்.
"தெரியுதா?"
"எது?"
என் கைக்குத் தெரிந்தது. கொதிக்கிறது. இன்றைக்கே ஆஸ்பத்திரி என்றேன். மகள் ஆட்டோ பிடிக்க ஓடினாள்.
"நீ எப்பிடிம்மா இருக்கே?" என்றார்.
நல்லா இருக்கேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. மூன்று மாதத்தில் முதல் தடவை. குனிந்தபடி, அவர் பாதத்தின் மேலேயே. ஈரம் அவருக்குத் தெரிந்திருக்காது.