ஐந்து மில்லிமீட்டர் துளை

நவம்பர் 4, திங்கள்

பனிமூட்டம். காலை ஒன்பதரைக்கும் எதிர்க்கட்டடம் கண்ணில் படவில்லை. லூப்லியானாவில் உட்கார்ந்துகொண்டு சூரிய மின்கலம் செய்கிற எங்களை என்னவென்று சொல்வது.

போன மாத வேலை நேரப் படிவம் திரும்பி வந்துவிட்டது. அக்டோபர் முப்பத்தொன்று விடுமுறை என்பதை மறந்து எட்டு மணி நேரம் என்று எழுதியிருந்தேன். விடுமுறையில் வேலை செய்தால் பணம் தருகிற பிரஸ்ஸல்ஸுக்கு ஆகாதாம். உண்மையில் வேலை செய்தேன். இருந்தும் அழித்துவிட்டுப் பொய்யாகப் பூஜ்யம் போட்டேன்.

மதியம் போர்ச்சுகலில் ப்ராகா ஆய்வகத்திலிருந்து டெல்மோவின் கடிதம். எங்கள் பெட்டியை அளந்து முடித்துவிட்டார். எங்கள் ஆய்வகத்தில் காஷ்பெர் செய்த எட்டு மின்கலங்கள் அந்தப் பெட்டியில் இருக்கின்றன. திட்டத்தில் இருக்கும் ஆறு நாடுகளுக்கும் அது வரிசையாகப் போக வேண்டும். ஒவ்வொரு ஆய்வகமும் அதே கலங்களைத் தன் விளக்கின் கீழ் வைத்து அளக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே எண் வந்தால்தான் அதற்கு மரியாதை.

இங்கே நான் அளந்தது 23.0. அதாவது விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்கு இருபத்துமூன்று பங்கு மின்சாரமாகிறது. டெல்மோவுக்கு வந்தது 20.4.

கடிதத்தை என் தோளுக்கு மேலாகப் படித்த காஷ்பெர் கத்தினான். "இருபது புள்ளி நாலா? என் கலத்த அளந்தானா, இல்ல அது மேல மீன் வறுத்தானா?"

நவம்பர் 7

காணொளிக் கூட்டம். ஜெர்மனியிலிருந்து ஹைக்கே நடத்தினாள். ஆறு நாடுகளையும் கட்டி மேய்ப்பது அவள்தான்.

காஷ்பெர் விடவில்லை. "என் கலங்களுக்கு ஈரம் ஆகாது. பெட்டியத் திறந்து போட்டுட்டு காபி குடிக்கப் போயிருப்பாங்க. வேற என்ன?"

டெல்மோ தாழ்ந்த குரலில்தான் பேசினார். "ஈரம் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சுதான் திறந்தோம். படம்கூட எடுத்திருக்கேன், அனுப்பறேன்." அவருடையது சின்ன ஆய்வகம். அவரும் இரண்டு மாணவர்களும், அவ்வளவுதான்.

ஹைக்கே பெருமூச்சு விட்டாள். மாதக் கடைசிக்குள் காரணம் தெரியாவிட்டால் அளக்கும் வேலையை ப்ராகாவிலிருந்து எடுத்து வேறு யாருக்காவது கொடுக்க வேண்டியிருக்கும் என்றாள். அதுவரை பெட்டி எங்கும் போகக் கூடாது, எங்களிடமே திரும்பட்டும் என்றும் சொல்லிவிட்டாள்.

"டாரியா, நீ என்ன சொல்ற?" என்று என்னைக் கேட்டாள். இருபத்திரண்டு வருடமாக அளப்பதே என் தொழில். காஷ்பெர் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

நவம்பர் 8

டெல்மோ படங்களை அனுப்பியிருக்கிறார். பெட்டியை ஒழுங்காகத்தான் திறந்திருக்கிறார்கள்.

நவம்பர் 11

மார்ட்டின் திருநாள். காஷ்பெர் வீட்டில் வாத்து, சிவப்பு முட்டைக்கோஸ், அவன் மாமனார் அனுப்பிய புது ஒயின். இந்த வருடம் புளிப்பு சற்றுத் தூக்கல். அதை அவரிடம் யார் சொல்வது?

அவன் மனைவி உர்ஷ்காவுக்கு இது ஐந்தாம் மாதம். வயிற்றின் மேல் தட்டை வைத்துச் சாப்பிடப் பழகிவிட்டாள். "குழந்தை மார்ச்ல. இவனோட ஒப்பந்தம் முடியறதும் மார்ச்ல. எது முந்திக்குதுன்னு பாக்கலாம்," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஜனவரியில் நிபுணர்கள் வந்து பார்ப்பார்கள். கலம் 22-ஐத் தாண்டியிருந்தால் திட்டத்தின் இரண்டாம் பாதி எங்களுக்கு. காஷ்பெருக்கு இன்னும் இரண்டு வருட வேலை. தாண்டாவிட்டால் மார்ச்சோடு சரி.

காஷ்பெர் கோப்பையைத் தூக்கினான். "இருபத்துமூணுக்கு!"

"டாரியாவோட கைக்கு," என்றாள் உர்ஷ்கா. எனக்கு ஒரே பெருமை.

நவம்பர் 14

பெட்டி வந்து சேர்ந்தது. எட்டையும் மறுபடி அளந்தேன். 22.9, 23.0, 22.9... ஒன்றுகூட இறங்கவில்லை.

ப்ராகாவில் கெட்டுப்போயிருந்தால் இங்கேயும் குறைந்திருக்க வேண்டும். ஆக, டெல்மோ எதையும் கெடுக்கவில்லை. காஷ்பெரிடம் சொன்னேன்.

"அப்ப அவனுக்கு அளக்கத் தெரியல," என்றான்.

அவருக்குத் தெரியவில்லை, அல்லது எனக்குத் தெரியவில்லை. இரண்டில் ஒன்று. இரண்டாவதை அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நவம்பர் 15

முதலில் விளக்கைச் சோதித்தேன். சரியாக இருந்தது. கம்பிகள், கருவி எல்லாம் சரி. மிஞ்சியது தகடு.

கலத்தின் மேல் ஒரு கறுப்புத் தகட்டை வைத்துத்தான் அளப்போம். நடுவில் ஐந்துக்கு ஐந்து மில்லிமீட்டரில் ஒரு சதுரத் துளை. அந்தத் துளை வழியாக விழுகிற வெளிச்சத்துக்குத்தான் கணக்கு. துளை பெரிதானால் வெளிச்சம் கூடும், மின்சாரமும் கூடும். ஆனால் நாம் ஐந்து என்றே வைத்துக் கணக்குப் போடுவோம்.

நுண்ணோக்கியில் வைத்தேன். 5.3.

எடுத்துத் துடைத்துத் திரும்ப வைத்தேன். 5.3. திருப்பிப் போட்டும் 5.3.

போன மார்ச். தகட்டின் விளிம்பு கீறுகிறது, கலங்கள் வீணாகின்றன என்று காஷ்பெர் புலம்பினான். பாவமாக இருந்தது. மெல்லிய அரம் எடுத்து விளிம்பை ராவிக் கொடுத்தேன், மேலே கறுப்பு மையும் பூசினேன். அவன் எனக்குச் சூடாக ஒரு பூரெக் பாலாடைக்கட்டிப் பணியாரம் வாங்கித் தந்தான். துளையை மறுபடி அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது.

பரப்பில் நூற்றுக்குப் பன்னிரண்டு அதிகம். கழித்துப் பார்த்தால் 23.0 என்பது 20.5.

டெல்மோவுக்கு வந்தது 20.4.

நவம்பர் 16, சனி

வீட்டிலேயே இருக்கிறேன். யோட்டா சூப் வைத்தேன், அடிப்பிடித்துவிட்டது.

என்ன செய்ய? புதுத் தகடு ஒண்ணு செஞ்சுட்டுப் பழசக் குப்பைல போட்டா யாருக்குத் தெரியும்? ஒருத்தருக்கும் தெரியாது. ப்ராகாவ நீக்கிடுவாங்க. எங்க 23 நிக்கும், ஜனவரி வரைக்குமாவது நிக்கும். உர்ஷ்கா நிம்மதியாப் பெத்துப்பா.

அந்த மனுஷன் படம் எடுத்து அனுப்பினாரே. பத்து நாளாத் தன் விளக்கத்தானே சந்தேகப்பட்டுட்டு இருப்பார். நான் இங்க தலையாட்டிட்டு உக்காந்திருந்தேன். சீ.

நவம்பர் 18

காஷ்பெரிடம் சொன்னேன். நுண்ணோக்கியில் அவனே பார்த்தான். தகட்டைத் திருப்பிப் போட்டும் பார்த்தான்.

"புதுத் தகடு செய். இனிமே சரியா அள. பழசப் பத்தி வாயத் திறக்காத."

"அப்ப டெல்மோ?"

"வேற வேலை குடுப்பாங்க. அவன் ஒண்ணும் செத்துப்போயிட மாட்டான்."

"அவர் சரியா அளந்தார், காஷ்பெர்."

"உனக்கு நிரந்தர வேலை. ஓய்வு வரைக்கும் இந்த நாற்காலி உன்னோடது. நேர்மையா இருக்கறது உனக்குச் சுலபம்." கதவு வரை போனவன் திரும்பினான். "ராவினது நீ. வேலை போறது எனக்கு."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, அதுதான் உறுத்துகிறது.

நவம்பர் 19

எங்கள் ஆய்வகத் தலைவர் பேராசிரியர் விட்மரிடம் போனேன். கேட்டுக்கொண்டே பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். "யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார். அவரையும் சேர்த்து மூன்று பேருக்கு என்றேன்.

ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"எழுதுங்க. மத்த அஞ்சு ஆய்வகத்துக்கும் எழுதுங்க. கீழ என் பேரையும் சேத்துக்குங்க," என்றார். பிறகு, "காஷ்பெருக்கு என்ன செய்யலாம்னு எனக்குத் தெரியல," என்றார்.

எல்லோருக்கும் அனுப்புவதற்கு முன்னால் டெல்மோவுக்குத் தனியாக ஒரு கடிதம். உங்கள் எண் சரி, என் துளை தவறு, கூட்டத்தில் நான் யோசிக்காமல் பேசிவிட்டேன், மன்னியுங்கள். நான்கு வரிதான். எழுதி முடிக்க ஒரு மணி நேரம் பிடித்தது.

நவம்பர் 20

டெல்மோவின் பதில்: "பதினஞ்சு நாளா என் விளக்கக் கழட்டிக் கழட்டி மாட்டிட்டு இருந்தேன். இன்னைக்கு வீட்டுக்குச் சீக்கிரம் போறேன். நன்றி, டாரியா."

கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

நவம்பர் 28

ஹைக்கே எல்லா ஆய்வகங்களையும் தத்தம் துளையை அளந்து அனுப்பச் சொல்லியிருந்தாள். இன்று எல்லாம் வந்துவிட்டன. ஆறில் மூன்று தவறு! இத்தாலிக்காரர்களுடையது 4.9. வாங்கின நாளிலிருந்து யாரும் அளந்ததே இல்லையாம். மூன்றாவது ஹைக்கேயுடையது. அதைக் கடைசி வரியில், சின்ன எழுத்தில் போட்டிருந்தாள்.

சிரித்துக்கொண்டே காஷ்பெரிடம் காட்டப் போனேன். அவன் காதில் ஹெட்போன். கழற்றவில்லை.

டிசம்பர் 6

மதியச் சாப்பாட்டுக்கு இப்போதெல்லாம் காஷ்பெர் வேறு மேசைக்குப் போய்விடுகிறான்.

டிசம்பர் 19

உர்ஷ்காவைச் சந்தையில் பார்த்தேன். பார்க்காதமாதிரி போய்விடுவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து நின்றாள். "எனக்குக் கோவம்தான். ஆனா பொய்யான எண்ணுல இவன் ரெண்டு வருஷம் தூங்கிருப்பானான்னு தெரியல," என்றாள். பிறகு முள்ளங்கி பேரம் பேச ஆரம்பித்துவிட்டாள்.

ஜனவரி 16

நிபுணர்கள் மூன்று பேர். காஷ்பெர் எழுந்து நின்று 20.5 என்று சொன்னான். அந்த எண் அவன் வாயிலிருந்து வருவதற்குள் நான் என்ன பாடுபட்டேனோ, அவன் அதைவிடப் பட்டிருப்பான்.

எதிர்பார்த்தது 22 ஆயிற்றே என்றார் ஒரு நிபுணர். அப்போது திரையில் டெல்மோ கையைத் தூக்கினார்.

"லூப்லியானா வாய மூடிட்டு இருந்திருக்கலாம். இருந்திருந்தா இன்னைக்கு ஆறு பேரும் ஆறு துளையோட உக்காந்திருப்போம். அவங்களுக்கு ஆறு மாசம் குடுங்க. நான் கேக்கறேன்."

நிபுணர்கள் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். செப்டம்பர் வரை நீட்டிப்பு. காஷ்பெருக்கும் அதுவரை வேலை. அதற்குள் 21.5 வந்தால் இரண்டாம் பாதி உண்டு. ஒரு நிபந்தனை: எங்கள் எண்ணைச் சொல்லாமல் கலத்தை ப்ராகாவுக்கு அனுப்ப வேண்டும், அங்கேயும் அதே எண் வர வேண்டும்.

காஷ்பெர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டம் முடிந்ததும் யாரிடமும் பேசாமல் போய்விட்டான்.

பிப்ரவரி 20

டெல்மோ ஆறு ஆய்வகங்களுக்கும் ஒரேமாதிரி தகடு வெட்டி அனுப்பியிருக்கிறார். உறையின் மேல் கையால் எழுதியிருக்கிறார்: அரம் படக் கூடாது.

மார்ச் 9

காஷ்பெரிடமிருந்து செய்தி. மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் செய்தி. "பொண்ணு. மூணு புள்ளி நாலு கிலோ. தராசு சரியான்னு ரெண்டு தடவ கேட்டேன். நர்ஸ் முறைச்சா."

நாலைந்து முறை படித்துவிட்டேன்.

ஏப்ரல் 24

20.9. காஷ்பெர் கண்ணின் கீழ் கருவளையம். குழந்தை தூங்கவிடுவதில்லையாம். கலமும்தான்.

ஜூன் 12

காஷ்பெர் புதுக் கலத்தோடு வந்தான். விளக்கைப் போடப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டான்.

"முதல்ல துளைய அள."

நுண்ணோக்கியில் வைத்தேன். 5.00. அவனும் குனிந்து பார்த்தான். பிறகுதான் விளக்கைப் போட்டோம். 21.8.

"இன்னொரு தடவ," என்றான். 21.8.

எகிறிக் குதிப்பான் என்று பார்த்தால், உட்கார்ந்து பெட்டியைக் கட்ட ஆரம்பித்தான். எண்ணை எங்கும் எழுதவில்லை. ப்ராகா முகவரியை மட்டும் எழுதினான். அஞ்சலுக்கும் அவனே கொண்டுபோனான்.

ஜூன் 17

ஒன்றும் வரவில்லை.

ஜூன் 18

வரவில்லை. காஷ்பெர் ஐந்து கோப்பை காபி குடித்துவிட்டான். நான் எண்ணவில்லை, அவனே சொன்னான்.

ஜூன் 19

காலை பத்தே கால். டெல்மோவின் கடிதம், ஒரே வரி. 21.8.

நான் சத்தமாகப் படித்தேன். பேராசிரியர் அறையிலிருந்து ஓடி வந்தார், இத்தனை வருடத்தில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. காஷ்பெர் உர்ஷ்காவுக்குத் தொலைபேசியில் சொன்னான். அந்தப் பக்கம் குழந்தை அழுகிற சத்தம் எங்களுக்கும் கேட்டது.

எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்து டெல்மோவின் தொலைபேசி எண் இருக்கிறதா என்றான். கொடுத்தேன். போட்டுவிட்டு நின்றுகொண்டே காத்திருந்தான்.

"டெல்மோ? நான் காஷ்பெர், லூப்லியானாலேர்ந்து. இல்ல, கலத்தப் பத்தி இல்ல. நவம்பர்ல நான் சொன்னேனே, காபி குடிக்கப் போயிருப்பாங்கன்னு..."

நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.