கிழக்குச் சுவரில் ஒரு கதவு

மாஸி, ஓக்லண்ட், நியூசிலாந்து
13.1.98

இஞ்சாருங்கோ,

மூண்டு நாளாக் கதைக்காமல் இருந்தது காணும், கோவத்தை விடுங்கோ. நாளைக்குப் பொங்கக் கிழக்கிலை வாசல் வேணுமெண்டு நீங்கள் ஒற்றைக் காலிலை நிண்டியள். இங்கிலீசுக்காரன் கட்டின நூறு வருசப் பண்ணை வீட்டிலை கை வைக்க விடமாட்டன் எண்டு நான் கத்தினன்.

இண்டைக்குத் தச்சுவேலை நோபேட் அண்ணை, நாங்கள் சாமிப்படம் மாட்டின கிழக்குச் சுவர்ப்பலகையைக் கழட்டிப் பார்த்தார். பின்னாலை கதவு! கட்டினவன் வைச்ச முன்வாசலே அதுதானாம். பிறகு வந்தவை பலகை அடிச்சு மூடிப்போட்டினம். நாலு வருசமாக் கதவைத்தான் கும்பிட்டிருக்கிறம்!

நான் வேலைக்குப் போறன். கத்தரிக்காய்க் குழம்பு அடுப்பிலை. அண்ணை உள்ளை நிக்கிறார், தேத்தண்ணி ஊத்திக் குடுங்கோ.

நிலானி

பி.கு: இந்தத் துண்டு ஒட்டியிருக்கிற, நாங்கள் வழமையாப் புழங்கிற கதவைப் பூட்டிட்டன், திறப்பைத் தேடாதேங்கோ. கிழக்காலை சுத்தி, புது மாப்பிளை மாதிரி வலது காலை வைச்சு வாங்கோ.