மேரிம் இளைத்த ஆறு கிலோ

மேரிம்,

அடுப்பில் ஆட்டிறைச்சி ஷோர்ப்போ சூப் இருக்கிறது. சூடாக்கி, ரொட்டியோடு சாப்பிடு.

நீ குளியலறையில் மயங்கி விழுந்த பிறகு, நான் வாங்கித் தந்த மெலியும் மாத்திரைகளை மருத்துவரிடம் காட்டினேன். "இதுல கொழுப்பெல்லாம் கரையாதும்மா. உடம்புத் தண்ணிதான் வத்தும். பொண்ணு விழுந்ததும் அதனாலதான்" என்றார். நீ ஆறு கிலோ குறைந்ததை பிஷ்கெக் முழுக்கப் பெருமையடித்தேனே, அது வெறும் தண்ணீராம்.

உன் அண்ணன் கல்யாணத்தில் படம் எடுக்கும்போது, "மாவு மூட்டை மாதிரி முன்னால நிக்காத" என்று எல்லோர் காதிலும் விழும்படி உன்னிடம் சொன்னேன். நேற்று அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் நீயே இல்லை.

மாத்திரை விற்றவளைப் பார்க்கச் சந்தைக்குப் போகிறேன். இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறாள்.

அம்மா

பி.கு. மதியம் நாரினிலிருந்து அத்தை வருவாள். "ஏண்டி இப்படி வாடிப் போயிட்ட?" என்று கேட்டால், எனக்காகப் பொய் சொல்லாதே. அம்மா செய்த வேலை என்றே சொல்.