கிழக்கு மூலைக் கீரை

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. மகன் வீட்டில் உன் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால் கூரியரில் அனுப்புகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. இது மனு அல்ல.

பள்ளியில் விசேஷமாக ஒன்றுமில்லை. உன் உயிரியல் வகுப்புக்கு வந்திருக்கும் பெண் பலகையில் கோணலாக எழுதுகிறாள். தலைமையாசிரியர் நாற்காலி எனக்குக் கிடைக்காத கதையை இங்கே கிளறப்போவதில்லை. ஆனால் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பதவிக்கு யாரோ என் பெயரைச் சொன்னபோது, தலைவியாக இருந்த நீ, "அவனா? எல்லாரோடயும் சண்டை போடுவான்" என்றாயே, அதை மறக்கவில்லை. கூடப்பிறந்தவளே சொன்னால் ஊர் நம்பாதா?

பள்ளிக்குப் பின்னால் குப்பைமேடாகக் கிடந்த மனையை நாற்பது பாத்தித் தோட்டமாக்கினாய். வகுப்பு முடிந்து வந்து மண்வெட்டி பிடித்தாய். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு தெருக்காரர்களை ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கவைத்தாய். அதன்மேல் நகராட்சியில் நான் பதினொரு மனு போட்டேன். கொசு, உரக்குழி நாற்றம், பாதை அடைப்பு. பதினோராவது மனுவில் குழாய் இணைப்பு போயிற்று. நம் பேச்சும் போயிற்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கிழக்கு மூலையில் நீ பூச்செடி தவிர எதையும் விட்டதில்லை. உனக்குப்பின் தலைவரான தையல்காரர் அவற்றைப் பிடுங்கிவிட்டு ஆறு பாத்தி கீரை போட்டிருக்கிறார். தளதளவென்று நிற்கிறது. வரும் திங்கட்கிழமையன்று முதல் அறுவடை. அத்தனையும் குழந்தைகள் காப்பகத்துக்கு.

அந்த மூலையில் முன்பு பேட்டரிப் பட்டறை இருந்திருக்கிறது. மண்ணை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். அறிக்கையை இத்துடன் வைத்திருக்கிறேன். ஈயம், இருக்கலாம் என்கிற அளவைப்போல ஒன்பது மடங்கு. மூன்று வயதுக் குழந்தையை அது என்ன செய்யும் என்று உனக்கு நான் பாடம் எடுக்கவேண்டியதில்லை.

சங்கக் கூட்டத்தில் அறிக்கையை நீட்டினேன். தையல்காரர் கையில்கூட வாங்கவில்லை. "வாத்தியாரே, பன்னெண்டாவதா? டஜன் ஆயிடுச்சு, விட்டுருங்க" என்றார். "புகார்ப் பெட்டி திறந்துடுச்சு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. காப்பகத்து ஆயா, "டீச்சர் போட்ட தோட்டத்தை அழிக்கணும்னே அலையுறீங்களே சார்" என்றாள். நகராட்சியில் அறிக்கையை என் பழைய கோப்போடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். நானே பிடுங்கினால் பொறாமை என்பார்கள். மறுவாரமே திரும்ப விதைப்பார்கள்.

தோட்டம் தொடங்குமுன் ஒரு டப்பாவில் அந்த மூலை மண்ணோடு என் வீட்டுக்கு வந்தாய். "நீதானேடா கெமிஸ்ட்ரி வாத்தியார், கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்" என்றாய். "உன் செயலாளரைப் பார்க்கச் சொல்" என்று கதவைச் சாத்தினேன். டப்பாவை வாசலில் வைத்துவிட்டுப் போய், சந்தேகத்துக்குப் பூச்செடி நட்டாய். அங்கே ஏன் கீரை கூடாது என்று அன்றே காரணம் சொல்லியிருக்கவேண்டியவன் நான். இப்போது ஆய்வுக்குப் போனது அந்த டப்பா மண்தான்.

தையல்காரரிடம் நீ ஒரு வார்த்தை சொல். போனில் சொன்னாலும் போதும். என் பெயர் வேண்டாம். நீயே கண்டுபிடித்ததாக இருக்கட்டும். நீ சொன்னால் அவர்கள் நம்புவார்கள். இத்தனை வருஷமாக எனக்குப் பொறுக்காதது அதுதான். இன்று எனக்கு வேண்டியதும் அதுதான்.

திங்கட்கிழமைக்குள், அக்கா. என்னிடம் பேசவேண்டும் என்று கேட்கவில்லை. டப்பாவைக் கழுவி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கதவைச் சாத்திய தம்பி