ரம்பம் கேட்காத முன்னங்கால்

டுவேன்,

பாலாடைக்கட்டி ஆலைக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சூப்பைச் சூடு பண்ணிக்கொள். கார் ஷெட் கதவைச் சாத்தியே வை. உள்ளே தொங்கும் மானைப் பக்கத்து வீட்டு நாய் மோப்பம் பிடித்துவிட்டது.

"கறிக்கடையில குடுத்து வெட்டிக்கலாம், நீ என் மானைக் கெடுத்துடுவ!" என்று நேற்றுக் கத்தினாயே, காலையில் நானே தொடங்கிவிட்டேன். முன்னங்காலை அறுக்க ரம்பத்தோடு போனால், குறுக்கே எலும்பே இல்லை! உடம்போடு அதைப் பிடித்திருப்பது வெறும் சதைதான். காலைத் தூக்கிப் பிடித்துக் கத்தியை உள்ளே விட்டதும் கையோடு வந்துவிட்டது. இத்தனை வருஷமாக வேட்டைக்குப் போகிறாயே, உனக்கு இது தெரியுமா?

இன்னொரு முன்னங்காலை நீ வெட்ட விட்டுவைத்திருக்கிறேன். நான் வரும்வரை தொடாதே, உன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மார்லிஸ்

முதுகின் உள்பக்கத்து இளங்கறியை வெண்ணெயில் வதக்கிப் பாதி சாப்பிட்டேன். மீதி மூடிய தட்டில். கோபம் தீரவில்லையென்றால் அதையும் தொடாதே, வந்து நானே தின்றுகொள்கிறேன்.