யோசப்பின் இல்லாத வாங்கு

உரும்பிராய்
1930 ஆகஸ்டு 19

அன்புள்ள மகன் நேசையாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் வீட்டில் எல்லாரும் சுகம். நீயும் மலாயாவிலே சிரம்பானில் சுகமாயிருக்கக் காலையும் மாலையும் மன்றாடுகிறேன், உன்மேல் கோபமாயிருக்கிற இந்த நாட்களிலும் மன்றாடுகிறேன் என்பதைத் தெரிந்துகொள். சிவத்தப் பசு நாகு கன்று போட்டிருக்கிறது. கிணற்றடி வேலி அடைத்தாயிற்று. உன் மனைவி அருமைநாயகிக்கு இருமல் குறைந்துவிட்டது.

பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறதென்று அவளுக்கு எழுதிக் கேட்டாய், அதை நடத்துகிற எனக்கு எழுதவில்லை. பரவாயில்லை, நானே சொல்கிறேன். தை மாதம் வரவு இடாப்பில் எழுபத்தொரு பிள்ளைகள். இன்றைக்கு வருவது பத்தொன்பது, அவ்வளவும் மரம் ஏறிக் கள்ளுச் சீவுகிறவர்களின் பிள்ளைகள். நீ படித்த நாளில் அவர்கள் கதவோரம் வெறும் நிலத்தில் இருந்தார்கள், நீங்களெல்லாம் வாங்குப் பலகையில் இருந்தீர்கள். இனி எல்லாரையும் சமமாக இருத்த வேண்டுமென்று அரசாங்கக் கட்டளை வந்தது, நான் வாங்கில் இருத்தினேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம். மறுநாள் தொடக்கம் ஊரிலே ஒரு காய்ச்சல். இந்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சலாம், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வயிற்றுவலியாம். சைவக்காரராவது வாசற் படலையில் நின்று, அதுகளோடை எங்கடை பிள்ளையள் ஒரு வாங்கிலை இருக்கேலாது ரீச்சர் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். எங்கள் சபை மூப்பர் வில்லியம் ஞாயிற்றுக்கிழமை கண்ணீர் வடியச் செபம் பண்ணிவிட்டு, திங்கட்கிழமை இரண்டு பெடியன்களையும் தெல்லிப்பழையில் மாமி வீட்டுக்கு அனுப்பினார். அங்கை காத்து நல்லது என்றார். உரும்பிராய்க் காற்றுக்கு என்ன வந்ததென்று கேட்டேன், குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

மாதக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வருகிறார். நாற்பது பிள்ளைகளாவது இல்லாவிட்டால் அரசாங்க உதவி நின்றுவிடும், பள்ளிக்கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான். ஓடிப்போன பிள்ளைகளுக்கு நாலு பள்ளிக்கூடம் உண்டு. இந்தப் பத்தொன்பதையும் சேர்க்க வேறு ஒருவரும் இல்லை. நிலபுலமுள்ள எங்கள் கமக்கார வீடுகளிலிருந்து கடைசிவரை வந்தது உன் மகள் யோசப்பின் ஒருத்திதான். அவளை, சீவல்காரக் கந்தனின் மகள் செல்லிக்குப் பக்கத்தில் இருத்தினேன். அந்தத் துணிச்சலில் வீடு வீடாக ஏறி, என் பேத்தி இருக்கிற வாங்கு உங்கள் பிள்ளைக்குக் குறைவா என்று கேட்டேன். பலர் முகத்தைத் திருப்பினார்கள். புகையிலைத் தோட்டத்து நமசிவாயம் மட்டும் யோசித்துப் பார்த்து, உங்கடை பேத்தி இருந்தால் என்ரை பிள்ளையளும் இருக்கட்டும், திங்கக்கிழமை கூட்டிக்கொண்டு வாறன் என்றார். அவர் வந்தால் அந்த ஒழுங்கைச் சனம் முழுவதும் பின்னாலே வரும், நாற்பது தேறிவிடும் என்று நிம்மதியாகப் படுத்தேன்.

சனிக்கிழமை உன் கடிதம் அருமைநாயகிக்கு வந்தது. திங்கட்கிழமை அவள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தவில்லை. கேட்டால், அவர் மறிச்சு எழுதிப்போட்டார் மாமி, நாளைக்குக் கலியாணம் பேசேக்கை ஊர் கதைக்குமாம், நான் என்ன செய்ய என்று அழுகிறாள். அவளை ஏச எனக்கு வாய் வரவில்லை. நமசிவாயம் சொன்ன சொல் தவறாமல் மூன்று பிள்ளைகளோடும் வந்தார். வாசலில் நின்று வாங்கைப் பார்த்தார், எங்கை உங்கடை பேத்தி என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். அவரில் பிழை சொல்ல மாட்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ரயில் கந்தோரில் உன் மேசைக்கு இந்தப் பக்கம் சீனன், அந்தப் பக்கம் மலாயன் என்று நீதானே எழுதினாய். அவர்கள் எந்த வீட்டில் பிறந்தவர்கள் என்று விசாரித்த பிறகா கதிரையில் இருந்தாய். சம்பளம் வருகிற இடத்தில் ஒட்டாத தீட்டு, பத்து வயதுப் பிள்ளை படிக்கிற இடத்தில் மட்டும் ஒட்டுமா. உனக்கு அகரம் எழுதப் பழக்கியவள் நான், அதனால் வெட்கமும் எனக்குத்தான்.

இன்ஸ்பெக்டர் வருமுன் உன் பதில் கடிதம் இங்கே வந்துசேராது. பிள்ளையை அனுப்பு என்று அருமைநாயகிக்கு ஒரு தந்தி அடி. அங்கே மழை என்று கேள்வி, நனையாதே, காய்ச்சலுக்கு எடுக்கிற கொயினா மாத்திரையை விடாதே. கர்த்தர் உன்னைக் காத்து, உன் மனதையும் இளக்குவாராக.

நேற்றுப் பின்னேரம் கந்தன் வந்தான். எவ்வளவு சொல்லியும் உள்ளே வரவில்லை, வேலிக்கு வெளியே நின்றபடியே, நாச்சியார், எங்கடை குஞ்சுகளை முந்தின மாதிரி நிலத்திலையே இருத்துங்கோ, பள்ளிக்கூடம் பூட்டாமல் இருந்தால் எங்களுக்கு அது காணும் என்றான். தந்தி அடிக்க உனக்கு மனமில்லையென்றால், அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலையாவது உன் கையாலே எழுதி அனுப்பு. வேலியடியில் நின்று அவனுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

உன்னைப் பெற்ற தாய்,
இராசம்மா